கற்கருவி சமைக்கப் பழகுவார்க்கு ஏற்ற கல் எது?

தமிழகத் தொல்பழங்காலத்தைக் கற்பிக்கும் நூல்கள் பெரும்பாலும் 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாளிலிருந்தே தொடங்குகின்றன. அன்றுதான் இந்திய நிலப்பொதியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் புட், சென்னையை அடுத்த பல்லாவரத்தில், படை அணிவகுப்புத் திடலை ஒட்டிய சரளைக் குழியிலிருந்து மனிதன் செதுக்கிய கல் ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டின் செப்டம்பர்த் திங்களில் அவரும் வில்லியம் கிங் என்பாரும் கொற்றலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தை அடைந்தனர். சாந்தி பப்பு அவர்கள் தலைமையில் அங்கு நிகழ்ந்த அகழாய்வின் முடிவுகள் 2011இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்து, அவ்விடத்துக் கைக்கோடரிகளின் காலத்தை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்குக் கொண்டு சென்றன. 2018இல் 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரை, அதே ஊரில் இடைப் பழங்கற்காலச் செதில் தொழில்நுட்பம் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தோன்றிவிட்டது என்று காட்டியது.

இவற்றை நம் மாணவர் மனப்பாடம் செய்கின்றனர், தேர்வில் எழுதுகின்றனர், மதிப்பெண்ணும் பெறுகின்றனர். ஆயின், அக்கல்லை அம்மனிதன் எவ்வாறு உடைத்தான் என்று வினவினால் விடை வருவதில்லை. நூலில் அது படமாக நிற்கிறதேயன்றித் தொழிலாக நிற்கவில்லை.

இக்குறையை உணர்ந்தவர்கள் மாணவர்களே. மருங்காபுரிப் பக்கத்து மாணவர் சிலர், விடுமுறையில் ஊருக்குச் சென்றவிடத்து, வயற்காட்டு வரப்பில் கிடந்த வெள்ளைக் கல்லை எடுத்து வீட்டிலிருந்த இரும்புச் சுத்தியலால் அடித்துப் பார்த்திருக்கின்றனர். கல் பொடியாயிற்றேயன்றிக் கைக்கோடரி பிறக்கவில்லை. அவருள் ஒருவருக்குப் புருவத்தின் மேல் சிறு வடு எஞ்சியது. அரை விரற்கடை கீழே பட்டிருப்பின் கண் போயிருக்கும். ஆர்வத்தை அடக்குவது ஆசிரியர் கடமை அன்று. அவ்வார்வத்திற்கு ஏற்ற பொருளைக் காட்டுவதே கடமை. எனவே, கற்கருவி சமைக்கப் புதிதாகப் பழகுவோர் எப்பொருளைத் தேர்தல் வேண்டும், எதனை விலக்கல் வேண்டும் என்பதை ஈண்டுச் சற்று விரித்துரைக்க விழைகின்றோம்.

சிக்கிமுக்கி என்னும் சொல்

மேனாட்டு நூல்கள் இத்தொழிலைப் 'பிளின்ட்' என்னும் கல்லின் பெயரால் வழங்குகின்றன. அதனை நாம் சிக்கிமுக்கிக் கல் என்று மொழிபெயர்த்துக் கொள்கிறோம். சக்கிமுக்கி என்றும் வழங்கும் இச்சொல் 'சக்மக்' என்னும் துருக்கியச் சொல்லின் வழியது. பாரசீகம், உருது ஆகியவற்றின் ஊடாகத் தமிழுக்கு வந்து, எதுகை இனிமையால் நம் சொல்லாகவே ஆகிவிட்டது. அது குறிப்பது தீத்தட்டும் கருவியை. இரும்பின்மீது கல் உரசும்போது சிதறுவது கல்லின் பொறி அன்று, இரும்பின் துகளே எரிந்து பொறியாகிறது என்பது பலர் கருதாத செய்தி.

உண்மையான பிளின்ட் வட ஐரோப்பியச் சுண்ணப் பாறைகளினுள் கட்டி கட்டியாக விளைவது. மருங்காபுரியில் அதனைத் தேடுவது கடலில் ஈச்சமரம் தேடுவதற்கு ஒப்பாகும். நம் முன்னோர்க்கு அது தேவைப்படவும் இல்லை. அத்திரம்பாக்கத்து மனிதன் குவார்ட்சைட்டு என்னும் கல்லைக் கொண்டான். திருநெல்வேலி, தூத்துக்குடிக் கடற்கரையின் செந்நிறத் தேரி மணல்மேடுகளில் வாழ்ந்தோர் குவார்ட்சையும் செர்ட்டையும் கொண்டு விரல்நக அளவினவாகிய நுண்கற்கருவிகளைச் செய்தனர். காயல்பட்டினத்திற்கு அணித்தான தேரிப் பகுதியும் இவற்றுள் அடங்கும். இத்தேரிக் கருவிகளைப் பற்றிச் சாய்னரும் ஆல்சினும் 1956இல் எழுதிய கட்டுரை இன்றும் இத்துறையில் எடுத்தாளப்படுகிறது.

கல் எவ்வாறு உடைகிறது?

சன்னற் கண்ணாடியில் கவண்கல் ஒன்று பட்டதை நினைவு கூர்க. கல் பட்ட பக்கம் சிறு துளையும், மறுபக்கம் அகன்ற பள்ளமும் தோன்றும். அடியின் விசை கண்ணாடியினுள் கூம்பு வடிவாகப் பரவியதன் அடையாளம் அது. கற்கருவி சமைத்தல் முழுவதும் இவ்வொரு நிகழ்வின்மேல் எழுந்த கலையே. கல்லின் நடுவில் அடியாது விளிம்பை ஒட்டி அடித்தால் முழுக் கூம்பு தோன்றாமல் அதன் ஒரு கூறு மட்டும் செதிலாகக் கழன்று விழும். அச்செதிலின் உட்புறத்தில் அடிபட்ட இடத்திற்குக் கீழே ஒரு குமிழும், அதனைச் சுற்றிக் குளத்து நீரலை போன்ற வரைகளும் காணப்படும். சிப்பியின் உட்புறத்தை ஒத்திருத்தலின் இதனைச் சிப்பி முறிவு என்பர். இயற்கையில் உடைந்த கல்லையும் மனிதன் உடைத்த கல்லையும் பிரித்தறியத் தொல்லியலார்க்கு இவை பெரிதும் துணை செய்வன.

அடிக்கும் தளத்திற்கும் செதில் பிரிய வேண்டிய பக்கத்திற்கும் இடைப்பட்ட கோணம் 90 பாகைக்குக் குறைந்திருத்தல் வேண்டும். செங்கோணத்திற்கு மிகுந்த விளிம்பில் எத்துணை வலிந்து அடித்தாலும் செதில் கழலாது. அடித்தவரின் மணிக்கட்டே நோகும். புதியவர் செய்யும் பிழைகளுள் முதன்மையானது இதுவே. செதில் வாராமை கண்டு மேலும் மேலும் வலிமையைக் கூட்டுவர். அவ்விடத்தேதான் விபத்து நிகழ்கிறது.

இதிலிருந்து கல்லைத் தேரும் இலக்கணம் தானே பெறப்படும். விசை எப்பக்கமும் ஒரே தன்மையாகப் பரவ வேண்டுமாயின் கல்லின் உள்ளமைப்பும் எங்கும் ஒரே தன்மையாக இருத்தல் வேண்டும். மணி பெரிதாக உள்ள கல்லும், படலம் படலமாக அமைந்த கல்லும், உள்ளே விரிசலோடிய கல்லும் ஆகா. பானை வாங்குவோர் சுண்டிப் பார்ப்பதைப் போலக் கல்லையும் மற்றொரு சிறு கல்லால் மெல்லத் தட்டிக் கேட்டல் வேண்டும். கணீர் என்று ஒலித்தால் கொள்க. சத்தென்று அடங்கினால் உள்ளே விரிசல் உண்டென அறிந்து தள்ளுக.

மருங்காபுரிக் கல் ஏன் ஆகாது?

மருங்காபுரி, துவரங்குறிச்சி, மணப்பாறைப் பக்கத்துப் பாறைகள் பெரும்பாலும் ஆழ்நிலத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய, படிகம் நிறைந்த பாறைகள். தூணுக்கும் படிக்கட்டுக்கும் அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் இவை உகந்தவை. அம்மி கொத்துவோர் உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்துகின்றனரே, அது வேறு தொழில். கல்லின் மேற்பரப்பை நொறுக்கிச் சொரசொரப்பாக்குவது அது. இப்பாறையிலிருந்து கூரிய செதிலை எதிர்பார்த்தல் வீண்.

இப்பாறைகளின் ஊடே வெண்ணிறப் பட்டையாக ஓடும் வெள்ளைக் கல்லே குவார்ட்ஸ். இரவில் இருட்டறையில் இரண்டு வெள்ளைக் கற்களை உரசி ஒளி கண்டு மகிழாத கிராமத்துப் பிள்ளைகள் குறைவு. கடினமும் கூர்மையும் உடையதேனும், பாறையிடுக்கில் விளையும் குவார்ட்ஸ் உள்விரிசல் மலிந்தது. எத்திசையில் உடையும் என்று கைதேர்ந்தவராலும் முன்கூட்டிச் சொல்லுதல் அரிது. தேரிவாழ் மக்கள் அதனைக் கையாண்டனர் என்றால், அவர்தம் கைத்திறம் தலைமுறை தலைமுறையாக வந்தது. முதல் நாளிலேயே குவார்ட்ஸை எடுப்பவர், எழுத்தறியுமுன் யாப்பிலக்கணம் கற்கப் புகுந்தவர் ஆவர்.

திருச்சிராப்பள்ளிக்குக் கல்லறுக்கும் புகழ் ஒன்று உண்டு. செயற்கை வைரத்தைப் பட்டை தீட்டும் குடிசைத் தொழில் நகரிலும் சுற்றுச் சிற்றூர்களிலும் பல குடும்பங்களுக்குச் சோறிட்டது. ஆயின் பட்டை தீட்டல் என்பது தேய்த்தல். நாம் கூறுவது முறித்தல். ஒன்றில் பழகிய கை மற்றொன்றிற்கு உதவும் எனக் கருதலாகாது.

அண்டை மாவட்டமான பெரம்பலூரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்லான மரம் ஒன்று உள்ளது. நிலப்பொதியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் 1940இல் உலகிற்கு அறிவித்தது. கல்லான மரம் சிலிக்காவாக மாறியது ஆதலின் சில வேளைகளில் அழகாகச் செதில் கொடுக்கும் என்பது உண்மை. அதனாலேயே ஆசை பிறக்கும். அது தேசியப் புவியியல் நினைவுச் சின்னம். அதனையோ, அப்பகுதியில் சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகளையோ பயிற்சிக்கென எடுத்தல் அறவே கூடாது.

கண்ணாடியின் தகுதி

அவ்வாறாயின் எதனைக் கொள்வது? நம் பரிந்துரை கண்ணாடி. கேட்டவுடன் மூத்தோர் சிலர் முகஞ்சுளிப்பர். கற்காலத்தைக் கற்கப் புகுந்தவன் கண்ணாடிச் சில்லைக் கையிலெடுப்பதா என்பர். கண்ணாடிக்கு இத்தொழிலில் வரலாற்றுத் தகுதியே உண்டு. அந்தமான் பழங்குடி மக்கள் குவார்ட்ஸ் செதிலால் முடி மழித்து வந்தவர்கள். புட்டிகள் கைக்கு வந்தபின் அவற்றின் சில்லுகளையே அதற்குப் பயன்படுத்தினர். 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த ஈ. எச். மேன் இதனைப் பதிவு செய்துள்ளார். ஆஸ்திரேலியாவின் கிம்பர்லிப் பகுதி முதுகுடியினர் புட்டிக் கண்ணாடியிலும், தந்திக் கம்பத்துப் பீங்கான் குமிழ்களிலும் வியத்தகு ஈட்டிமுனைகளைச் செய்தனர். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1911இல் வெளியுலகிற்கு வந்து 1916இல் மறைந்த இஷி என்னும் யாகி இனத்தவர், சான்பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் புட்டிக் கண்ணாடியைக் கொண்டே அம்புமுனை செய்து காட்டினார். கையில் கிடைத்த பொருளின் தன்மையறிந்து ஆளுதலே கற்கால அறிவு.

கண்ணாடியில் மணி இல்லை, படலம் இல்லை. செதில் எவ்வழிச் சென்றது என்பது கண்ணுக்குத் தெளிவாகப் புலப்படும். விலை மிகக் குறைவு. யாருடைய பழம்பொருளும் அழிவதில்லை. இவற்றினும் முதன்மையான காரணம் ஒன்றுண்டு; அதனைப் பின்னர்க் கூறுவோம்.

எல்லாக் கண்ணாடியும் ஆகாது. கண்ணாடிக் கடையில் வெட்டி எஞ்சிய 8 முதல் 12 மில்லிமீட்டர் தடிப்புள்ள சாதாரணத் தட்டைக் கண்ணாடித் துண்டு தொடக்கத்திற்கு நன்று. உள்ளங்கையில் அடங்கும் அளவில் கேட்டு, விளிம்பையும் அக்கடையிலேயே தேய்த்துத் தரச் சொல்லுதல் நலம். கையை அறுக்காது என்பதோடு, தேய்ந்த விளிம்புதான் அழுத்தத்தைத் தாங்கும் தளமாகவும் அமையும். புட்டியின் தடித்த அடிப்பாகமும் ஆகும். மதுப்புட்டியைத் தேடிப் போக வேண்டுவதில்லை. சர்பத்துப் புட்டியும், உடைந்த கோலி சோடாப் புட்டியும் போதும். சூடேற்றி உறுதியாக்கிய கண்ணாடி, அதாவது ஊர்திகளின் பக்கச் சன்னலிலும் கடைகளின் பெருங்கதவிலும் உள்ளது, ஒரு விளிம்பைத் தொட்டால் முழுவதும் மணிமணியாகச் சிதறிவிடும். பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் படக்குழாயில் ஈயம் கலந்திருக்கும். குழல் விளக்கில் பாதரசம் உண்டு. இம்மூன்றும் அணுகத்தகாதவை. கல்நார் ஓட்டுத் துண்டைக் கல்லென எண்ணி எடுப்பாரும் உளர், அது நஞ்சு.

கழிவறைப் பீங்கானையும் தரை ஓட்டையும் வெளிநாட்டார் சிலர் தொடக்கப் பொருளாகப் பரிந்துரைக்கின்றனர். நமக்கு அதில் உடன்பாடில்லை. காரணம் தூசி.

தூசியின் கொடுமை

கண் போவது ஒரு நொடியில் நிகழ்வது. அதனை அனைவரும் அஞ்சுவர். நுரையீரல் போவது ஆண்டுக் கணக்கில் நிகழ்வது. அதனை எவரும் அஞ்சுவதில்லை. குவார்ட்ஸ், குவார்ட்சைட்டு, செர்ட்டு, அகேட்டு, பீங்கான் ஆகிய அனைத்திலும் படிக நிலைச் சிலிக்கா உள்ளது. உடைக்கும்போது எழும் நுண்துகள் கண்ணுக்குத் தெரியாது. மூச்சோடு நுரையீரலின் அடியாழம் வரை சென்று தங்கித் தழும்பேற்றும். சிலிக்கோசிஸ் எனப்படும் அந்நோய்க்கு மீட்சி இல்லை. காசநோயையும் எளிதில் வரவழைக்கும்.

நம் சமுதாயத்தில் மூத்தோர் பலர் அகீக் மோதிரம் அணிவதைக் காண்கிறோம். அக்கல்லை மணியாகவும் மோதிரக் கல்லாகவும் ஆக்கும் தொழில் குசராத்தின் கம்பாத்தில் நெடுங்காலமாக நிகழ்கிறது. தரையில் நட்ட இரும்புக் கூரில் கல்லைப் பொருத்தி, எருமைக்கொம்புச் சுத்தியால் தட்டிச் செதிலெடுக்கும் அவர்தம் முறையைக் காண உலகத் தொல்லியலார் அங்குச் செல்கின்றனர். அதே ஊரில் அகேட்டுத் தூசியால் நுரையீரல் கெட்டு இறந்தோர் பலர். மத்தியப் பிரதேசத்து மந்த்சோரில், பள்ளிப் பிள்ளைகளுக்கான சிலேட்டுக் குச்சி அறுத்தோர்க்கும் இந்நோய் பெருவாரியாகத் தாக்கியது. நாம் எழுத்தறிந்த குச்சிக்கு அவர்கள் மூச்சால் விலை கொடுத்தனர். இங்கிலாந்தின் பிராண்டன் ஊரில் துப்பாக்கிக்குரிய சிக்கிமுக்கிக் கல் செதுக்கியோரும் இவ்வாறே மாண்டனர்.

வாரத்தில் ஒருநாள் பழகும் மாணவரும் நாள்முழுதும் உழைத்த அத்தொழிலாளரும் ஒன்றல்லர். அளவறிந்து அஞ்சுதலே அறிவு. எனினும் அஞ்சத்தகாத பொருள் கையருகே இருக்க, அஞ்சத்தக்கதை எடுப்பானேன்? சாதாரணக் கண்ணாடியிலுள்ள சிலிக்கா படிக நிலையில் இல்லை. அதனால் இந்நோயைத் தரும் ஆற்றல் அதன் தூசிக்கு மிகக் குறைவு. முன்னர்க் கூறுவோம் என்ற காரணம் இதுவே. ஆயினும் கண்ணாடித் தூசியும் மூச்சுக்கு ஊறு செய்வதே. எதனை உடைத்தாலும் திறந்தவெளியில், காற்று முதுகுப்புறமிருந்து வீசுமாறு அமர்தல் வேண்டும். வாயில் கட்டும் கைக்குட்டை நுண்தூசியைத் தடுக்காது. 2020இன் பெருந்தொற்றுக் காலத்தில் நாம் அனைவரும் அறிந்த என்-95 முகக்கவசம் தடுக்கும்.

துணைக் கருவிகள்

கண்ணாடியில் தொடங்குவோர் அடித்தலினும் அழுத்திக் கழற்றுதலைப் பழகுவதே முறை. மின்சாதனக் கடையில் கிடைக்கும் தடித்த செப்புக் கம்பியை மரப்பிடியில் பொருத்தி, நுனியைச் சற்றுக் கூராக்கினால் கருவி ஆயிற்று. செம்பு மென்மையானது, விளிம்பைப் பற்றிக்கொள்ளும். மேனாட்டு நூல்கள் மான்கொம்பை வியந்துரைக்கும். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றமாகும். பாட்டனார் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்ததேனும் அதன்மேல் கைவைக்க வேண்டா. அடித்துப் பழகும் நிலை வரும்போது புளிய மரத்துக் கட்டையும், தோட்ட அலங்காரத்திற்கு விற்கும் உருண்டைக் கூழாங்கல்லும் போதும். இரும்புச் சுத்தியல் ஆகாது. அது கல்லை நொறுக்கும். சில வேளை அதன் முகமே சில்லாகத் தெறிக்கும்.

கண்ணாடியைத் தாங்கும் இடக்கையில் தடித்த தோல் வேண்டும். தொடைமேலும் தோல் வேண்டும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் திண்டுக்கல்லிலும் தோல் வணிகம் செய்யும் குடும்பத்துப் பிள்ளைகள் நம் வகுப்பில் எப்போதும் இருப்பர். கழிவுத் துண்டுக்குப் பஞ்சமில்லை. பக்கவாட்டிலும் மறைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி இன்றியமையாதது. பார்வைக் குறைவிற்கு அணியும் கண்ணாடி அதற்கு ஈடாகாது. கைலி கட்டிக்கொண்டும் செருப்பு அணிந்துகொண்டும் அமர்தலை எவ்வாற்றானும் ஒப்போம். தடித்த காற்சட்டையும் மூடிய காலணியும் வேண்டும். அருகில் நின்று வேடிக்கை பார்ப்போர்க்கும் கண்காப்பு இல்லையேல் பத்தடி தள்ளி நிறுத்துக. கண்ணில் துகள் விழின் கசக்காமல் மருத்துவரிடம் செல்க.

கண்ணாடிக்கும் முன்னதாக ஒரு படி வைக்கலாம். பள்ளிச் சிறாராயின் உருளைக்கிழங்கும் மொக்கைக் கத்தியும் கொடுத்து, கைக்கோடரியின் வடிவம் இருபுறமும் மாறி மாறிச் செதில் நீக்குவதால் எவ்வாறு பிறக்கிறது என்று காட்டுதல் நன்று. முறிவின் இயல்பு அதில் தெரியாது. வேலையின் ஒழுங்கு தெரியும். பதின்மூன்று வயதிற்கு உட்பட்டோர் அதனோடு நிற்பதே நம் கருத்து. குவார்ட்சைட்டும் செர்ட்டும் கண்ணாடியில் கைபழகி, தேர்ந்தவர் ஒருவர் உடனிருக்கும்போது கொள்ளத்தக்கவை. கல்லைத் தீயிலிட்டுப் பதப்படுத்தும் முறை நூல்களில் வரும். ஈரம் பொதிந்த கல் வெடித்துச் சிதறும் ஆதலின் அதனை நினைக்கவும் வேண்டா.

பழங்கல்லும் புதுக்கல்லும்

ஆற்றங்கரையிலோ மேட்டு நிலத்திலோ முன்னோர் செதுக்கிய கல் கிடைத்தால், அதன்மேல் பயிற்சி செய்தல் ஏட்டுச்சுவடியில் கணக்கெழுதுவதை ஒக்கும். நூறாண்டிற்குக் குறையாத பழமையுடைய அத்தகு பொருள்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்பாற் படும். இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்கு அறிவிப்பதே செய்யத்தக்கது. நல்ல கருவிகளைக் காண விரும்புவோர் எழும்பூர் அருங்காட்சியகத்திற்கும், அத்திரம்பாக்கத்திற்கு அண்மையிலுள்ள பூண்டி அகழ்வைப்பகத்திற்கும் செல்லலாம்.

மறுதலையாக, நாம் செய்த புதுக்கல் பழங்கல்லாக மயக்குதலும் உண்டு. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் எட்வர்டு சிம்சன் என்பார் கற்கருவிகளைச் செய்து தொன்மையானவை என்று அறிஞர்க்கே விற்றார். உண்மை வெளிப்பட்டபின் 1862இல் இலண்டனில் அறிஞர் அவையில் தம் கைத்திறத்தைச் செய்து காட்டவும் நேர்ந்தது. அவர் செய்தது வஞ்சனை. நம் மாணவர் கவனக்குறைவால் அதே தீங்கைச் செய்துவிடலாகாது. ஆகவே செய்து முடித்த ஒவ்வொன்றிலும் அழியா மையால் தம் பெயரின் முதலெழுத்தும் ஆண்டும் பொறித்தல் வேண்டும். தொல்லிடங்களுக்கு அருகில் அமர்ந்து பயிலுதலும் கூடாது.

தார்ப்பாயை விரித்து அதன்மேல் அமர்ந்தே வேலை செய்க. முடிந்தபின் நீர் தெளித்துத் துகளை அடக்கி, பாயை நான்கு முனையும் சேர்த்து மடித்து எடுக்க வேண்டும். உடையை உதறி, கைகளைக் கழுவி, காலணியின் அடியைப் பார்த்த பின்னரே விடுதிக்கோ பள்ளிவாசலுக்கோ செல்லுதல் தகும். வெறுங்காலுடன் அணிவகுத்து நிற்கும் இடத்திற்கும், நெற்றி நிலத்தில் படும் இடத்திற்கும் ஒரு சில்லுகூட ஒட்டி வரலாகாது. கண்ணாடிக் கழிவைத் தகரப் பெட்டியில் இட்டு, இன்னதென எழுதித் துப்புரவுப் பணியாளரிடம் தனியே கொடுக்க. கற்செதில்களாயின் முழங்கால் ஆழக் குழி தோண்டிப் புதைத்து, அவற்றோடு அவ்வாண்டு வெளியான நாணயம் ஒன்றையும் குழியின் அடியில் இட்டு வைக்க. பின்னொரு காலத்தில் அதனைத் தோண்டுவோர் எக்காலத்துக் குழி அது என்று அறிந்துகொள்வர்.